மைக்செட்காரன் வீட்டு ரகசியம்

அந்த நோட்டீஸ மடிச்சு மடிச்சு எங்க ஒளிச்சு வைக்கப் போறீங்க தம்பி? பட்டாணி சைசுக்கு வந்துருச்சு. விடுங்க, நான் பாத்துட்டேன். மஞ்சத் தாளு, செவப்பு எழுத்து, ஓரத்துல ஒரு குதிரை. உள்ள என்ன போட்டிருக்குன்னு பாக்காமலே சொல்லுதேன், கேளுங்க. 'இளமையில் அறியாமல் செய்த தவறுகளால் இல்லற இன்பத்தை இழந்து தவிக்கும் அன்பர்களே.' சரியா இருக்கா? இருக்கும். எழுதுனது வேற ஆளு. ஊரு ஊரா ஆட்டோவுல அதைப் பேசுனது நான்தான்.

ஏன் நெளியுதீங்க? நான் மெதுவாத்தான பேசுதேன். முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாக்காரேன்னு நெனைக்காதீங்க, அவரு கண்டக்டரத் தேடுதாரு.

எம் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோயில்ல கோமதி சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் மைக்செட் நம்மதுதான். எங்க ஊரு ஆடித்தபசு திருவிழாவுக்கு வந்திருக்கீங்களா? 'நீலநிற டவுசர் அணிந்த சிறுவன் தகவல் மையத்தில் அழுதுகொண்டிருக்கிறான்'னு ஒரு குரல் கேக்கும் பாருங்க. அது நான். லட்சம் பேரு கூடியிருந்தாலும் எங் குரல் தனியாத் தெரியும். எனக்கு வாய் ஒண்ணுதான் மூலதனம்.

அந்தா, அந்தப் பக்கம் லேடீஸ் சீட்டுல மூணாவது வரிசை, ஜன்னலோரம், கத்திரிப்பூக் கலர் சேலை. அவதான் எம் வீட்டுக்காரி பூரணம். கோயில்பட்டியில சாயங்கால ரயிலுக்கு ஏத்திவிடப் போறேன். ஓசூர்ல மகன் வீட்டுக்குப் போறா. மருமகளுக்கு ஒத்தாசையா கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்னு சொல்லுதா. ஆனா அவ தையல் மிஷின முந்தாநாளே லாரி ஆபீஸ்ல போட்டு அனுப்பிட்டா. கொஞ்ச நாளைக்குப் போறவ மிஷின எதுக்கு அனுப்புதா? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. கேட்டா பதில் சொல்லிருவாளேன்னு பயம். அவ திரும்பி வர மாட்டாளோன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல தம்பி.

மகன் கார் பிடிச்சு வரச் சொன்னான். நான்தான் வேண்டாம், பஸ்ஸுலயே போவோம்னேன். காருன்னா டிரைவரு காதக் குடுத்துக்கிட்டே வருவான். பஸ்ஸுன்னா பக்கத்துல உக்காந்து, கோயில்பட்டி வர்றதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிரலாம்னு ஒரு கணக்கு. ஏறுனா, அவ நேரா லேடீஸ் சீட்டுல போய் உக்காந்துட்டா. சரி, கழுகுமலையில எடம் மாறிக்கலாம்னு இங்கன வந்து உக்காந்தேன். உக்காந்தா உங்க கையில நோட்டீஸ்.

என்ன சொல்லணுமா? அதத்தான் வாரேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி பூரணத்துக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. உள்ள கட்டி. தென்காசியில ஆப்பரேசன். மூணு மாசத்துக்குக் குடத்தத் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, அது கூடாது இது கூடாதுன்னு ஒரு பட்டியலே குடுத்தாங்க. நானும் நல்ல புள்ளையா ஒதுங்கி இருந்தேன். மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஆட்டுக்கறி, வெளியில தூறல். அவளே போய்க் கதவச் சாத்துனா. அப்பதான் தெரிஞ்சுது, லைன்ல கரண்ட் இல்ல.

சரி, அலுப்புன்னு விட்டேன். மறுவாரமும் அதே கதை. அதுக்கு மறுவாரமும். எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. முப்பது வருசமா இந்த மாதிரி ஒரு நாளும் ஆனதில்ல. அவளும் ஒண்ணும் சண்டை போடல. தலையணைய நகத்தி வச்சுட்டு, 'பரவாயில்லங்க, எனக்குப் புரியுது'ன்னா. எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? இன்னொருத்தியா இருந்தா தெருவுக்கே சொல்லியிருப்பா. இவ நம்மளப் புரிஞ்சவன்னு மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அந்தப் பேச்சே கெடையாது. அவ கூடத்துல தையல் மிஷினுக்குப் பக்கத்துல பாயப் போட்டுக்கிட்டா. முதுகுக்குத் தரைதான் நல்லதுன்னா. முந்தியெல்லாம் எம் முன்னாலயே சேலை மாத்துவா, இப்ப குளிக்கிற ரூமுக்குள்ள போயிக் கதவப் பூட்டிக்கிடுதா. வயசானா கூச்சம் வரும்லா. பூ வைக்கிறதையும் விட்டுட்டா. கேட்டா, 'யாரு பாக்கப் போறா'ன்னா. அதுவும் சரிதான, வீட்டுக்குள்ளயே மிஷின மிதிக்கிறவளுக்குப் பூ எதுக்கு? நானும் எவன் கூப்பிட்டாலும் வெளியூர் ஆர்டருக்குப் போக ஆரம்பிச்சேன். வீட்டுல இருந்தாத்தான பிரச்சினை.

இப்படியே ஒரு வருசம் ஓடிருச்சு. ஒரு நாளு கடையில ஆம்ப்ளிபயரத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். ரோட்டுல ஆட்டோ போகுது. கொழா ஸ்பீக்கர்ல எங் குரலு. பதினோரு வருசமா இந்த நோட்டீஸ் வைத்தியரு முகாமுக்கு நான்தான் வெளம்பரம் பேசுதேன், ஒரு தடவ கூட காது குடுத்துக் கேட்டது கெடையாது. ரொட்டி வெளம்பரம், ஜவுளிக்கடை, இது, எல்லாம் ஒரே நாள்ல ரெக்கார்டிங்குல பேசிக் குடுத்துட்டுப் போயிருவேன். அன்னைக்குக் கேட்டேன். 'அன்பர்களே, கவலை வேண்டாம்'னு சொல்லிட்டு அந்த எடத்துல ஒரு மூச்சு நிறுத்தியிருப்பேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அந்த ஆளு யாரோ, நம்ம கஷ்டம் தெரிஞ்சு பேசுதானேன்னு தோணுச்சு. நானே பேசி நானே நம்பிட்டேன் தம்பி. இதவிடக் கேவலம் ஒரு மைக்செட்காரனுக்கு வருமா?

முகாம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும்லா. ஒண்ணாம் தேதி தென்காசி, ரெண்டாம் தேதி சங்கரன்கோயில், மூணாம் தேதி கோயில்பட்டி, நாலாம் தேதி சாத்தூரு. பரம்பரை வைத்தியரு லாட்ஜுல ரூம் போட்டு உக்காந்திருப்பாரு. நான் சங்கரன்கோயில்ல போக முடியுமா? மைக்செட் கோமதிக்கே அப்படியாம்னு மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிரும். அதனால மூணாம் தேதி கோயில்பட்டிக்குப் போனேன். புத்திசாலித்தனம். போய்ப் பாத்தா வராண்டா பூரா என்ன மாதிரிப் புத்திசாலிக. ஒருத்தன் கூட கோயில்பட்டிக்காரன் இல்ல. கோயில்பட்டிக்காரன்லாம் முந்துன நாளே சங்கரன்கோயிலுக்குப் போயிட்டு வந்திருப்பான்.

தலையில துண்டப் போட்டு, மூஞ்சிய மறைச்சுக்கிட்டு போனேன். டோக்கன் குடுக்கிறவன் பேரக் கேட்டான். மாரிச்சாமின்னேன். அந்த ஒரு வார்த்தைதான் பேசுனேன். மூலையில பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்த ஒரு மனுசன் பேப்பர மெள்ள இறக்குதாரு. பாத்தா எங்க சம்மந்தி.

திரவியம்னு பேரு. எம் மகளக் குடுத்திருக்கது அவரு மகனுக்குத்தான். ராஜபாளையத்துல உரக்கடை. நெத்தி நிறையத் திருநீறு. கல்யாணத்தன்னைக்குப் பாட்டுச் சத்தத்தக் கொறைக்கச் சொல்லி மூணு தடவ ஆள் அனுப்புனவரு. மூஞ்சிக்குத் துண்டு போட்டேன், குரலுக்கு எதப் போட? கண்டுபிடிச்சுட்டாரு.

சம்மந்தின்னா எங்க பாத்தாலும் மரியாத செய்யணும்லா. எந்திரிச்சுக் கும்பிட்டேன். அவரும் பேப்பர அக்குள்ல வச்சுக்கிட்டு கும்பிட்டாரு. வீட்டுல எல்லாரும் சொகமான்னு கேட்டாரு. சொகம்னேன். அந்த வராண்டாவுல நின்னுக்கிட்டு அதுக்கு மேல என்னத்தக் கேக்க? கொஞ்ச நேரம் கழிச்சு, அவரா, முழங்கால் வலின்னாரு. எனக்கும் அதேதான்னேன். அந்தச் சுவத்துல எட்டுப் படம் ஒட்டியிருந்துச்சு. முழங்கால் மட்டும் எதுலயும் இல்ல.

வைத்தியரு கையப் பிடிச்சாரு, அரை நிமிசம் கண்ண மூடுனாரு. எத்தனை வயசுல ஆரம்பிச்ச பழக்கம்னு கேட்டாரு. பதினாறுன்னு சொன்னேன், சும்மா எதுக்குப் பொய் சொல்லிக்கிட்டு. அதான் காரணம், நரம்பு வத்திருச்சுன்னாரு. எனக்கு அப்ப அம்பத்திநாலு வயசு தம்பி. பதினாறு வயசுல செஞ்சதுக்கு இப்பவா வந்து கேப்பாங்க? ஆனா அந்த நேரம் தோணல. தலையக் குனிஞ்சு ஆமா சாமின்னு நின்னேன். ஒரு லேகியம், ஒரு பொடி, ஒரு கருப்புக் கேப்சூல். கேட்டதக் குடுத்துட்டு வந்தேன்.

கேப்சூல் வேலை செஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் போட்டேன். மூஞ்சி காந்துது, தலை வலி மண்டையப் பொளக்குது, ஆனா செஞ்சுது. அந்த நேரம் பாத்து பூரணம் ரேசன் கடைக்குப் போயிட்டா. பாமாயில் வந்துருக்குன்னு யாரோ சொன்னாங்களாம். நான் வீட்டுக்குள்ள ராசா மாதிரி உக்காந்திருக்கேன், அவ அங்க வரிசையில நிக்கா. வந்ததும் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். வந்தா. வேர்த்து விறுவிறுத்து, எண்ணெய் டின்னோட. எப்படிச் சொல்ல? ஒரு வருசமா ஒண்ணும் பேசாம இருந்துட்டு, திடீர்னு 'இப்ப வா'ன்னா கூப்பிட? தண்ணி குடிக்கியான்னு கேட்டேன். அம்புட்டுதான்.

அப்புறம் ஒரு நாளு எஞ் சட்டையத் தொவைக்கும்போது பையில லாட்ஜ் டோக்கன் கெடந்திருக்கு. கோயில்பட்டி லாட்ஜுல உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டா. மைக்செட் ஆர்டர் பேசப் போனேன்னு சொன்னேன். லாட்ஜுக்குள்ளயான்னா. ஆமா, பார்ட்டி அங்கதான் தங்கியிருந்துச்சுன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல. நம்பிட்டா. அவ எப்பவுமே அப்படித்தான், தோண்டித் துருவ மாட்டா.

இப்ப சம்மந்தி கதைக்கு வாரேன். அவரும் அதே கேப்சூல வாங்கிட்டுப் போனாருல்லா. அந்த மனுசனுக்கு நெஞ்சுல அடைப்பு. வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்க ஒரு மாத்திரை எப்பவும் பையில கெடக்கும். அது வைத்தியருக்குத் தெரியாது, அவரு கேக்கவும் இல்ல, இவரு முழங்காலுக்கு வந்த ஆளு, எப்படிச் சொல்லுவாரு? மூணு மாசம் கழிச்சு ஒரு நாளு காலையில எம் மக போன் போட்டு அழுதா. மாமா குளிச்சுட்டு வந்தவரு நெஞ்சு வலிக்குன்னு மாத்திரைய வச்சாரு, அப்படியே விழுந்துட்டாருன்னு. பூரணம் ஒரு கல்யாண ஆர்டருக்கு ஜாக்கெட்டு தச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு விவரம் சொல்லிட்டு நான் மட்டும் ராஜபாளையத்துக்கு ஓடுனேன்.

ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மா. முப்பது வயசு இருக்கும். சம்மந்திக்கு ரத்த அழுத்தம் அதல பாதாளத்துல கெடக்கு. கட்டிலச் சுத்தி அவரு பொஞ்சாதி, மகன், எம் மக எல்லாரும் நிக்காங்க. டாக்டரம்மா எல்லாரையும் பாத்து ஒரே கேள்விதான் கேட்டாங்க. 'வழக்கமா சாப்பிடுறது இல்லாம வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? தெரிஞ்சாத்தான் நான் சரியான மருந்து குடுக்க முடியும்.'

யாருக்கும் தெரியல. சம்மந்தி கண்ண லேசாத் திறந்து என்னப் பாத்தாரு. அந்தப் பார்வை எனக்குத்தான் தெரியும் தம்பி. செத்தாலும் பரவாயில்ல, சொல்லிராதீங்கன்னு பாத்தாரு. ஒரு மனுசன் உசுரவிட இதப் பெருசா நெனைக்கான்னா பாத்துக்கோங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவரப் பத்திச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே. வெக்கக்கேடு, அந்த நேரத்துலயும் எம் புத்தி அங்கதான் போச்சு. அப்புறம் எம் மக மூஞ்சியப் பாத்தேன். டாக்டரம்மாவ வெளிய கூப்பிட்டுச் சொல்லிட்டேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவ, யாருக்கும் கேக்காம நான் பேசுனது அன்னைக்குத்தான்.

உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நான் அந்த லாட்ஜ் வைத்தியருக்கு வெளம்பரம் பேசுறவன்னேன். கருப்பா ஒரு கேப்சூல் குடுப்பாங்க, ஒரு மணி நேரத்துல மூஞ்சி காந்தும்னு சொன்னேன். உள்ள ஓடிட்டாங்க. அந்தக் கேப்சூல்ல நாட்டு மருந்து பேருல இங்கிலீஷ் மருந்தக் கலந்திருக்கான். அதுவும் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் ஒண்ணாச் சேரவே கூடாதாம். ரத்த அழுத்தம் மடமடன்னு இறங்கி ஆளையே கொன்னுருமாம். சம்மந்தி சாயங்காலம் பொழச்சு எந்திரிச்சாரு. எந்திரிச்சதும் எங் கையப் பிடிச்சாரு. நன்றி சொல்லப் போறாருன்னு பாத்தேன். 'யாருக்கும் கேக்கலையே'ன்னாரு.

கெளம்பும்போது டாக்டரம்மா என்ன ரூமுக்குள்ள கூப்பிட்டாங்க. உக்காரச் சொன்னாங்க. 'வெளம்பரம் பேசுறவருக்குக் கேப்சூல் என்ன கலருன்னு தெரியலாம். மூஞ்சி காந்தும்னு எப்படித் தெரியும்?'

மாட்டிக்கிட்டேன். அழுதுட்டேன் தம்பி. எம் மக வயசு ஒரு பொம்பளைக்கு முன்னால அம்பத்தஞ்சு வயசு ஆம்பள மூக்கச் சிந்தி அழுதேன். அவங்க அசரல. தண்ணி குடுத்துட்டுக் கேள்விய ஆரம்பிச்சாங்க. எவ்வளவு நாளா, கொஞ்ச நேரம் நிக்குதா, அதுவும் இல்லையா, காலையில முழிக்கும்போது இருக்கா. சாப்பிட்டாச்சான்னு கேக்குற மாதிரி கேக்காங்க. நான் அவங்க மேசையில இருந்த பேனாவப் பாத்துக்கிட்டே பதில் சொன்னேன். பீடி உண்டா? உண்டு. அடிக்கடி ஒண்ணுக்குப் போவீங்களா? போவேன், அது தண்ணி நிறையக் குடிக்கதால. ஏன் தண்ணி நிறையக் குடிக்கீங்க? தாகம். அங்கனயே விரல்ல குத்திப் பாத்தா சுகரு முந்நூத்தி நாப்பது.

இதுக்கு ஒரு பேரு சொன்னாங்க, விறைப்புத்தன்மைக் குறைபாடு. நோட்டீஸ்ல போட்டிருக்கத விட அது நல்ல பேரு. கெட்ட பழக்கம், நரம்பு வத்துறது எல்லாம் சுத்தப் பொய்யாம். ரத்தம் போற கொழாய் கெட்டுருக்கு, சுகரு நரம்பையும் கெடுத்துருக்கு, பீடி பாதி வேலை பாத்துருக்கு. சில பேருக்குப் பிரஷர் மாத்திரையால வரும், சில பேருக்கு மனசுல உள்ள பயத்தாலயே வரும். அந்த எடத்துக் கொழாய் ரொம்பச் சின்னதாம், அதனால அங்கதான் மொதல்ல அடைக்கும், நெஞ்சு அதுக்கப்புறம்தானாம். நெஞ்சு வலிக்கு முந்தியே உங்க உடம்பு சொல்லிருச்சு, நீங்க லாட்ஜுக்குப் போயிட்டீங்கன்னாங்க. திட்டுன மாதிரியும் இல்ல, திட்டாத மாதிரியும் இல்ல.

வைத்தியம் இருக்கு தம்பி, அதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மொதல்ல சுகர இறக்கணும், பீடிய விடணும், தெனம் நடக்கணும். விட்டுட்டேன், ஆறு மாசமாச்சு. நெஞ்சுக்கு எல்லா டெஸ்டும் எடுத்து, தாங்கும்னு பாத்துட்டுத்தான் மாத்திரை எழுதுனாங்க. தேவைப்படுற அன்னைக்கு ஒண்ணு, ஒரு மணி நேரம் முந்தி, வயிறு முட்டத் தின்னுட்டுப் போடக் கூடாது. நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிற ஆளுக இதத் திரும்பியே பாக்கக் கூடாது. மாத்திரை கேக்கலைன்னா பம்பு மாதிரி ஒண்ணு இருக்காம். அதுக்கும் மேல ஊசி இருக்குன்னாங்க. எந்த எடத்துலன்னு கேட்டேன். சொன்னாங்க. மாத்திரையே போதும்மான்னுட்டேன். கடைசியா ஆப்பரேசன் கூட உண்டாம், அது எல்லாருக்கும் தேவைப்படாது.

ஒவ்வொரு தடவையும் அடுத்த வாட்டி வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. அவ ஊருக்குப் போயிருக்கா, அவளுக்குக் காச்சல், அவ அக்கா வீட்டுல விசேசம்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். போன தடவ அவங்களுக்குக் கோவமே வந்துருச்சு. கர்ப்பப்பை எடுத்தவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சீங்களான்னு கேட்டாங்க. என்ன ஓடும்? தைக்க வேண்டிய ஜாக்கெட்டு கணக்குத்தான் ஓடும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? படிச்சவங்க எதையோ கோத்துப் பேசுதாங்கன்னு விட்டுட்டேன்.

மாத்திரை ரெண்டு மாசமா பையிலதான் கெடக்கு. போடல. போட்டா மட்டும் வராதாம், மனசுல ஆசையும் வேணும், பக்கத்துல ஆளும் வேணுமாம். ஆசை இருக்கு. ஆளு ஓசூர் போகுது.

அதனால நான் சொல்லுததக் கேளுங்க. கோயில்பட்டியில இறங்குனதும் லாட்ஜு பக்கம் போகாதீங்க. ஒரு நல்ல டாக்டராப் பாத்து, சுகரு, பிரஷரு, கொழுப்பு மூணையும் பாருங்க. வெக்கப்படாதீங்க. எல்லாத்துக்கும் மேல, வீட்டுல சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? இல்லையா? அட என்ன தம்பி நீங்க. பொஞ்சாதிகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவீங்க? அவ என்ன வேத்தாளா?

என்ன? நான் சொல்லிட்டேனான்னா?

அதுக்குத்தான பஸ்ஸுல ஏறுனேன். சொல்லணும். கழுகுமலை தாண்டிருச்சா? எப்ப தாண்டுச்சு? சொல்லிருவேன். லட்சம் பேருக்கு முன்னால நின்னு பேசுறவன் நான். அவகிட்டப் போனா மட்டும் தண்ணி குடிக்கியான்னு கேட்டுட்டு வந்திருதேன். நீ இனிமே ஆம்பளையான்னு அவ கேக்க மாட்டா, எனக்குத் தெரியும். ஆனா அவ கண்ணுல ஒரு நிமிசம் அது வந்துட்டுப் போச்சுன்னா? அதுக்கப்புறம் நான் எங்க போய் நிக்க?

ஏன் எந்திரிக்கீங்க? இன்னும் ஊரு வரலையே. அங்க எங்க போறீங்க? தம்பி. அவகிட்ட என்ன பேசப் போறீங்க, ஏ தம்பி...

வா பூரணம். உக்காரு. அந்தத் தம்பிக்கு முன்னால காத்தோட்டமா இருக்கணுமாம், எடம் மாறிக்கிடுவோம்னு சொல்லிச்சா? நல்ல பையன். தண்ணி குடிக்கியா? இல்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்லணும். எனக்குச் சுகரு இருக்கு. ஆறு மாசமா ராஜபாளையத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட...

என்ன? கேட்டுச்சா? எதுவரைக்கும்? மொதல்லருந்தேவா? பஸ்ஸு பூராவுமா?

ஏட்டி, அழாத. எல்லாரும் பாக்காங்க. லாட்ஜுக்கு நான் அதுக்குத்தான் போனேன். நீ என்ன நெனச்ச? பொம்பளையா? எனக்கா? இருக்க நெலமையில எனக்கு ஒரு பொம்பள கேக்குதாக்கும். சிரிக்காத. அழுதுக்கிட்டே சிரிக்காத, எனக்கு என்ன செய்யன்னு தெரியல.

என்ன சொன்ன? மறுபடியும் சொல்லு.

அத எடுத்துட்டதால நீ பொம்பளையே இல்லன்னு நான் ஒதுங்கிட்டேன்னா? வயித்துல உள்ள தழும்பப் பாத்து அருவருத்துட்டேன்னா? ரெண்டு வருசமா நீ இதையா நெனச்சுக்கிட்டு மிஷின மிதிச்ச? ஐயோ பூரணம். அந்தத் தழும்ப நான் சரியாப் பாத்தது கூட கெடையாதே. நான் எம் வெக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உன்ன ஒரு நிமிசம் கூட அப்படி நெனைக்கல. சத்தியமா நெனைக்கல.

கோவம் வரத்தான் செய்யும். கேளு, நல்லாக் கேளு. வேத்தாளுகிட்டச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு எங்கிட்டச் சொல்லத் தெரியலையான்னா? அவன் மூஞ்சியில நாளைக்கு நான் முழிக்க வேண்டாம் பூரணம். உம் மூஞ்சியிலதான தெனம் முழிக்கணும். அந்தப் பயம்தான்.

கோயில்பட்டி வந்துருச்சு. அந்தப் பையக் குடு. ஸ்டேசனுக்கு ஆட்டோ பிடிக்கேன். என்ன? வேண்டாமா? ரயிலு போகட்டுமா? புரியுறபடி சொல்லு. ஓசூருக்கு இன்னைக்குப் போகலையா? மொதல்ல ராஜபாளையமா? அந்த டாக்டரம்மாகிட்டயா, நீயுமா?

சரி. சரி. இறங்கு, படி உசரமா இருக்கு, எங் கையப் பிடிச்சுக்கோ. பிடி. யாரு பாத்தா என்ன, இனிமே பாக்க என்ன இருக்கு, அதான் பூராத்தையும் கேட்டாச்சே.